பெத்லகேம் மலைக்குள் எட்டு சிலிண்டர்

சுவருக்கும் பெத்லகேமுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடமில்லை. அந்தச் சந்தில் நான் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கை பிரவுன் பேப்பர் மலைக்குள் முழங்கை வரை போயிருக்கிறது. பென்சில் பல்லிடுக்கில். தலைக்கு மேலே ஜிகினா நட்சத்திரம் ஒன்று, நான் அசையும்போதெல்லாம் முடியைப் பிடித்து இழுக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் டோரத்தி டீச்சர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எழுபதைத் தாண்டிய கை. வெளிச்சம் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

"ஓரத்துல ஆட்டுக்குட்டி நிக்குது விமலா. முட்டிடாத."

கூடத்து வாசலில் செந்தில் நிற்கிறார். அவர் கையிலிருக்கும் போனில் ஓர் எண்ணின் படம். மலைக்குள் என் விரல் தேடும் எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், வெளியே போர்ட்டிகோவில் நிற்கும் கார் மறுபடி ரோட்டில் ஓடும். இல்லாவிட்டால் ஓசூர் ரோட்டில் ஒரு டாபாவின் கம்பத்து மேல் ஏறி விளம்பரமாக நிற்கும்.

மலைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வருகிறது. கார் இன்ஜினில் எதற்குத் தேங்காய் எண்ணெய் என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் நான் அந்தச் சந்தில் எப்படிச் சிக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சாருக்கு ஒரு டீ

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக உள்ளே நுழைகிறவர்களுக்காக ஒரு வரி. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எது இப்போது உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று எழுதிக் கொடுப்பது வேலை.

சேர்ந்த புதிதில் நான் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். சார் வருகிறாரா என்று. பெங்களூர் சிவாஜி நகர் பக்கம் ஒரு லாரிக்காரர், எனக்கு ஒரு டீயும் வரப்போகிற சாருக்கு ஒரு டீயும் வாங்கி வைத்தார். இரண்டையும் நானே குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

வண்டிக்காரர்கள் சொல்கிற கதையைக் கேட்டால், இந்த ஊரில் எந்த வண்டியும் ஓடும்போது அடிபட்டதே கிடையாது. எல்லாம் ஓரமாக, சிவனே என்று நின்றபோதுதான் அடிபட்டிருக்கும். அதனால் காதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கையால் வண்டியைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய பேப்பரை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், எண் அப்படியே பேப்பரில் ஏறிவிடும். பென்சில் பிரின்ட் என்போம். அந்தப் பென்சில் இன்றைக்கும் என் கைப்பையில் இருக்கிறது. லிப்ஸ்டிக் இருக்க வேண்டிய இடம் அது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ரிட்டயர் ஆன பிறகு பழைய கார்ப் பைத்தியங்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகும்போது அனுபவப்பட்ட ஒரு பெரியம்மாவைக் கூட்டிப்போவது மாதிரி, கார் பார்க்கப் போகும்போது என்னைக் கூட்டிப்போவார்கள்.

அவர்களில் தனி ஜாதி, அமெரிக்க மசில் கார் பிரியர்கள். அறுபது எழுபதுகளில் அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நடுத்தர உடம்புள்ள காருக்குள் லாரிக்கே போதும் என்கிற அளவு இன்ஜினைத் திணித்து விற்றார்கள். நீண்ட மூக்கு, குட்டை வால், இரண்டே கதவு. நம் நாட்டுக்கு அப்படி வந்தவை மிகக் குறைவு. வந்தவையும் வந்தபடி இல்லை. இடப்பக்க ஸ்டியரிங் வலப்பக்கம் மாறியிருக்கும். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் இன்ஜின் ஏறியிருக்கும். கல்யாண ஊர்வலத்துக்கென்று சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின் போட்டிருப்பார்கள்.

ஆகவே விலை பேசுவதற்கு முன் இரண்டு எண்கள் பொருந்த வேண்டும். உடம்பில் அடித்த எண் ஒன்று, இன்ஜினில் அடித்த எண் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்தவை. இல்லாவிட்டால் அது வேஷம் போட்ட கார்.

ஒரே ஒரு வண்டி

செந்தில் நாமக்கல்காரர். அப்பா லாரிக்கு பாடி கட்டுகிறவர். மகன் படித்து, வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, அங்கேயே ஓர் அடுக்குமாடியில் குடும்பத்தோடு இருக்கிறார். கல்லூரி நாளிலிருந்து அவருக்கு அந்த ரகத்தில் மஸ்டாங் கார் என்றால் உயிர். எந்த வருஷத்து மாடலுக்கு எந்தப் பக்கம் விளக்கு, எந்த போல்ட் எத்தனை இறுக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எல்லாம் இன்டர்நெட்டில் படித்தது. அதுவரை ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

சென்ற வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் எனக்கு போன் செய்தார். அவர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஷீலா. ஷீலாவின் அம்மா காக்ஸ் டவுனில் இருக்கிறார். அந்த வீட்டில் அப்பாவின் பழைய மஸ்டாங் ஒன்று நிற்கிறது. வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எத்தனை கார் பார்த்திருக்கிறீர்கள் என்றேன்.

"இது ஒண்ணுதாங்க மேடம். ஒரே ஒரு வண்டி பாக்கறேன், அது ஒரிஜினல் இல்லீன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு வூட்ல வாக்குக் குடுத்துட்டனுங்க. அப்புறம் எல்லாரும் உக்கார்ற மாதிரி சாதா வண்டி வாங்கிக்குவோம்."

சாதா வண்டி என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது எனக்குப் பாவமாக இருந்தது.

போய்ப் பார்த்தால் ஷீலாவின் அம்மா எனக்குத் தெரிந்தவர். டோரத்தி டீச்சர். என் தங்கைக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு நடத்தியவர். அவர் கணவர் லூர்து சார், பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில் இருந்தவர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கார், பம்பாயில் வேலை முடிந்து நாடு திரும்பிய ஓர் அமெரிக்கர் விட்டுப்போனது. கல்யாணமாகாத காலத்தில் லூர்து சார் பம்பாய் போய் அதை ஓட்டியே கொண்டுவந்தாராம்.

வீட்டை பில்டருக்குக் கொடுத்தாயிற்று. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். டீச்சர் மகள் வீட்டுக்குப் போகிறார். காருக்கு அங்கே இடமில்லை. ஓசூர் ரோட்டில் அத்திபெலே அருகே டாபா வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். உயரமான இரும்புக் கம்பம் நட்டு, அதன் மேல் காரை நிறுத்தி, சுற்றிலும் கலர் பல்பு போடப்போகிறாராம். இன்ஜின் தேவையில்லை, எடுத்துவிடுவாராம். கிறிஸ்மஸுக்குள் பதில் சொன்னால் கிரேன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

டீச்சர் இதை நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னார். நல்ல பெயின்ட் அடிப்பார்கள், ஊரே பார்க்கும் என்றார். பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஆனா கம்பத்து மேல ஏத்திட்டா ஓடாதில்ல விமலா."

வீட்டுக்கு ஒரு கோட், காருக்கு ஒரு கோட்

போர்ட்டிகோவில் காரைப் பார்த்ததும் செந்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பச்சை நிறம். சாதாரணப் பச்சை இல்லை, அந்த வீட்டு ஜன்னல் கம்பியின் பச்சை. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, ஜன்னலுக்கு வாங்கிய பெயின்டில் மிச்சத்தைக் காருக்கு அடித்துவிடுவாராம் லூர்து சார். வருஷா வருஷம். பிரஷ்ஷால். டூல் ரூமில் மைக்ரோமீட்டரோடு குடும்பம் நடத்தியவர், சொந்தக் காரைக் கதவு நிலை மாதிரி பெயின்ட் செய்திருக்கிறார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

டேஷ்போர்டின் மேல் ஒரு சின்ன எண் தகடு இருக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டு மாதா சொரூபம் நின்றிருந்தது. தகடு எங்கே என்று டீச்சருக்குத் தெரியவில்லை. மாதா அப்படியே கருணையோடு என்னைப் பார்த்தார். அவரிடம் நான் என்ன கேட்க முடியும்?

பானெட்டைத் திறந்தேன். செந்தில் எட்டிப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே ஒரு டீசல் இன்ஜின். டாக்சிகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய நாலு சிலிண்டர். பெரிய கட்டிலில் ஓர் ஓரமாகப் படுத்த நோயாளி மாதிரி அவ்வளவு பெரிய இடத்தில் சுருண்டு கிடந்தது.

குழந்தை பிறந்த வருஷம் மாற்றினார் என்றார் டீச்சர். முதல் இன்ஜின் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்ததாம். பால் டின் வாங்குவதா, பெட்ரோல் போடுவதா என்று வந்தபோது பால் டின் ஜெயித்தது. அந்த டீசலோடுதான் அதற்குப் பிறகு அத்தனை வருஷமும் ஓட்டியிருக்கிறார்.

வந்த வேலையைச் செய்யாமல் திரும்ப எனக்குப் பிடிக்காது. சக்கரத்தில் ஐந்து போல்ட் இருந்தன. அது எட்டு சிலிண்டர் காருக்கான அடையாளம், ஆறு சிலிண்டரோடு பிறந்திருந்தால் நாலுதான் இருக்கும். பின் ஆக்சில் சரி. பானெட்டுக்குக் கீழே, பக்கவாட்டுத் தகட்டில் எண் அடித்திருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் மொத்தமாகப் படிந்து சப்பாத்தி கனத்துக்கு இருந்தது. அனுமதி கேட்டு, இரண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டினேன்.

பச்சைக்குக் கீழே கிரீம். அதற்குக் கீழே நீலம், மெரூன், மறுபடி ஒரு பச்சை. டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மெரூன் வந்ததும் விரலை வைத்தார். "இது ஷீலாவுக்கு சர்ச்சுல முதல்முதலா புதுநன்மை குடுத்த வருஷம்," என்றார். நான் சுரண்டுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அவர்தான், செய் செய் என்றார்.

கடைசியில் எண் வந்தது. அதில் இன்ஜினைக் குறிக்கும் ஓர் எழுத்து உண்டு. எட்டு சிலிண்டர் என்றே சொன்னது. உடம்பு அசல். ஆனால் அதனோடு பிறந்த இன்ஜின் இல்லை. செந்திலிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் எண்ணை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, சரிங்க மேடம் என்றார்.

மலையடிவாரத்தில் ஓர் ஓட்டை

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வீடில்லை அது. உள்ளே உட்காரவைத்து காபியும் அச்சு முறுக்கும், சங்கு மாதிரிச் சுருட்டிப் பொரித்த கல்கல்லும் கொண்டுவந்தார் டீச்சர். கூடத்தின் மூலையில் கிறிஸ்மஸ் குடில். பிரவுன் பேப்பரைக் கசக்கி, சாணிப் பச்சை தெளித்துச் செய்த மலை. மலையில் குகை, குகையில் தீவனத் தொட்டி. உச்சியில் ஜிகினா நட்சத்திரம். மூன்று ராஜாக்கள் மட்டும் இன்னும் வரவில்லை. அவர்கள் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒட்டகத்தோடு நின்றிருந்தார்கள். தினமும் ஒரு சாண் நகர்த்துவாராம்.

எனக்குக் கல்கல் என்றால் கை நிற்காது. ஒன்று நழுவி உருண்டு குடிலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். அங்கே பேப்பர் கொஞ்சம் விலகியிருந்தது. மலையடிவாரத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே மரை. அது ஸ்பார்க் பிளக் மாட்டும் ஓட்டை.

நான் அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று டீச்சர் பதறினார்.

"டீச்சர், இந்த மலைக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே. பழைய இன்ஜின். அவரு கழட்டி இங்க கொண்டாந்து வச்சது. அதை இன்ஜின்னு நாங்க நினைச்சே எத்தனையோ வருஷம் ஆச்சு. எங்க எல்லாருக்கும் அது மலைதான்."

செந்தில் காபி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

பெட்ரோல் விலை இறங்கட்டும், திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் லூர்து சார் அதை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருக்கிறார். விலை இறங்குவதாவது. எடை அதிகம், நகர்த்த ஆளில்லை. கிறிஸ்மஸ் வந்தது. குடிலுக்கு மலை வேண்டுமே என்று மேலே பேப்பரைப் போட்டார்கள். நட்சத்திரக் குச்சி கார்புரேட்டர் ஓட்டையில் கச்சிதமாக நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும், 'அடுத்த கிறிஸ்மஸுக்கு மலை இருக்காது, வண்டிக்குப் போயிடும், நீ வேற மலை பார்த்துக்கோ' என்பாராம். ஒவ்வொரு ஜனவரியிலும் அதன் மேல் துணியைப் போர்த்திவிடுவாராம்.

குடில் கட்டுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பெரிய ஸ்பேனரால் அதை ஒரு சுற்று சுற்றுவார். அவர் போன பிறகு டீச்சரும் விடாமல் செய்து வந்திருக்கிறார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. குடில் கட்டுகிற சம்பிரதாயங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்திருக்கிறார். இன்ஜின் ஆயில் எங்கே வாங்குவது என்று தெரியாததால் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறார். டிசம்பர் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும்? நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓட்டைக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

ராஜாக்கள் வருவதற்குள்

எண் இன்ஜினின் பின்பக்க மேல் விளிம்பில் இருக்கும். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. குடிலைக் கொஞ்சம் பிரித்தால் ஐந்து நிமிஷ வேலை. கேட்டேன். டீச்சர் முடியாது என்றார். ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் வந்து சேராமல் அந்த வீட்டில் குடிலைக் கலைத்ததில்லை. இந்த வீட்டில் இதுதான் கடைசிக் குடில், இதை மட்டும் பாதியில் கலைக்க மாட்டேன் என்றார். டாபாக்காரருக்கோ கிறிஸ்மஸுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டால் டீச்சர் மாற்றுகிறவர் இல்லை.

அப்படித்தான் நான் சந்துக்குள் போனேன்.

எண்ணெயும் தூசியும் சேர்ந்து அந்த விளிம்பில் மெழுகாகப் படிந்திருந்தது. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். விரலுக்குப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. பேப்பரை வைத்துப் பென்சிலைத் தேய்த்தேன். மூக்கில் பிரவுன் பேப்பர். காலில் எறும்பு. இடுப்பு என்ன பாடுபட்டது என்று சொல்லி உங்கள் அனுதாபத்தைச் சம்பாதிக்க விரும்பவில்லை.

பேப்பரை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். செந்தில் போனைப் பார்த்துச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின எண்ணுக்கு அவர் சத்தம் வரவில்லை.

"மூணுங்களா மேடம்? இதுல எட்டு போட்டிருக்குங்க."

மறுபடி பார்த்தேன். மூன்றுதான். டீச்சர் டார்ச்சை அணைத்தார். லூர்து சார் யாரிடமோ ஏமாந்து, வேறு எதையோ இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தாரோ என்று நினைத்தேன். அந்த வீட்டில் அதைச் சொல்கிற ஆளாக நான் இருக்க வேண்டாமே என்று தோன்றியது.

டார்ச்சைப் போடச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனேன். இந்த முறை ஹேர்பின்னால் பள்ளத்தைக் கீறினேன். எண்ணின் இடது பாதியில் ஏதோ அடைத்திருந்தது. கீறக் கீற வந்தது. குடிலுக்கு ஒட்டிய மைதா பசை. எத்தனையோ கிறிஸ்மஸ் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பேப்பரில் தேய்த்தேன்.

எட்டு.

செந்தில் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டையால் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். என்ன ஆயிற்று என்று டீச்சர் என்னைப் பார்த்தார். இது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின்தான் என்றேன்.

"அதைத்தான அவரு வருஷா வருஷம் சொல்லிட்டிருந்தாரு," என்றார் டீச்சர். "உங்களுக்குதான் பென்சில் தேவைப்பட்டுச்சு."

தெரிந்த சத்தம்

காரைச் செந்திலுக்கே கொடுப்பதாக டீச்சர் டாபாக்காரருக்கு அன்றே போனில் பதில் சொன்னார். அவர் வருத்தப்படவில்லை. வேறு பழைய வண்டி தெரிந்தால் சொல்லுங்கள் என்றாராம்.

ராஜாக்கள் வந்து சேர்ந்த மறுநாள், காரையும் இன்ஜினையும் எடுத்துப்போகச் செந்திலின் ஆட்கள் வந்தார்கள். டீச்சர் ஆடுகளையும் இடையர்களையும் பஞ்சில் சுற்றி வைத்தார். பிரவுன் பேப்பரை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சங்கிலி போட்டு மலையைத் தூக்கியபோது சிவப்புத் தரையில் கட்டைகள் இருந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அவர் காரைப் பார்க்க வெளியே வரவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் போவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நான் தயாராகப் போயிருந்தேன். அவர் இழந்தது மலையை. எனக்கு அழுகை வந்துவிட்டது, முகம் கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

செந்தில் காரை விட்டிருந்த ஷெட்டில் இன்ஜினைத் திறந்த மெக்கானிக், உள்ளே துருவே இல்லை என்றார். பிஸ்டன் எல்லாம் தேங்காய் எண்ணெய் குளித்து மினுமினுவென்று இருந்ததாம். அந்த வாசனையில் இரண்டு நாள் அங்கே எல்லோருக்கும் பசித்துக்கொண்டே இருந்தது என்றார்.

அடுத்த டிசம்பர் வரை, கிட்டத்தட்ட ஒரு முழு வருஷம் பிடித்தது. பழைய காரை வாங்குவது ஒரு நாள் சந்தோஷம், வைத்துக்கொள்வது தினசரி வைராக்கியம். கார்புரேட்டர் ஒழுகியது. ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பெயின்டைச் சுரண்டினார்கள். பானெட்டுக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும் எல்லா அடுக்கும் தெரியும்படி விட்டுவிடச் சொன்னார் செந்தில். மாதாவையும் எடுக்கவில்லை. டேஷ்போர்டு அசலாக இருக்க வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவங்க அங்கியே இருக்கட்டுங்க மேடம் என்றுவிட்டார்.

முதல் முறையாக வைட்ஃபீல்டுக்கு ஓட்டிப் போனபோது நானும் உட்கார்ந்திருந்தேன். எட்டு சிலிண்டரும் உறும, நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். தலைக்கு மேல் மெட்ரோ இரண்டு தடவை போய்விட்டது. ரேடியேட்டர் கொதித்து, ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். கடைக்காரர் கன்னடத்தில், எத்தனை கொடுக்கும் என்று கேட்டார். மைலேஜைத்தான். செந்தில் இன்னொரு சொம்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினார்.

அடுக்குமாடியின் கீழே டீச்சர் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். நல்லா இருக்குப்பா என்று செந்திலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா இது எனக்குத் தெரிஞ்ச சத்தம் இல்ல. தெருமுனைல திரும்பறப்பவே டக்கடக்கன்னு கேக்கும். நான் அடுப்புல தோசைக்கல்லை வச்சிடுவேன். அது அந்த டீசல்."

செந்தில் இன்ஜினை நிறுத்தினார்.

ஒன்பதாவது மாடி

சில நாள் கழித்து, மகள் வீட்டுக்குக் காபி குடிக்க வரச் சொல்லியிருந்தார் டீச்சர். டிவி ஸ்டாண்டு மேல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடில் ஒன்று இருந்தது. பேட்டரியில் விளக்கு எரியும் வகை. ராஜாக்கள் ஏற்கெனவே உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தார்கள். நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை.

வாசலில் ஏதோ உருளும் சத்தம். கதவைத் திறந்தால், லிஃப்டிலிருந்து நாலு பேர் ஒரு தள்ளுவண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் சாக்குப் போர்த்திய கனமான ஏதோ ஒன்று. செந்தில் கூடவே, கையில் நாலு மரக்கட்டைகளோடு. பின்னாலேயே அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர். என்ன சாமான் இது, எத்தனை எடை, அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"மலைங்க சார்," என்றார் செந்தில்.

சாக்கை விலக்கினார். டீசல் இன்ஜின். சுத்தமாகக் கழுவி, எண்ணெய் வடித்துக் கொண்டுவந்திருந்தார். மெக்கானிக் அதை யாருக்கோ விற்கக் கேட்டபோது, வேண்டாம் என்று எடுத்து வைத்தாராம். அது எப்போது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

டீச்சர் கிட்டே போய்க் கையை அதன் மேல் வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குத் திரும்பிப் போனார். ஜன்னலோர மூலையில் செந்தில் கட்டைகளைப் போட்டார். நாலு பேரும் மூச்சைப் பிடித்து இன்ஜினை ஏற்றி வைத்தார்கள்.

"ஷீலா," என்றார் டீச்சர், திரும்பாமலே. "என் கட்டில் அடியில பிரவுன் பேப்பர் இருக்கு, எடுத்தா. தேங்காண்ணெ உறைஞ்சிருக்கும், வெந்நீர்ல வையி."